கண்ணாடிக்கு எதிரே நின்றவள்

கல்யாண வீட்டில் தகப்பன் பேச்சைக் கேட்காதவன்கூடப் படம் எடுப்பவள் பேச்சைக் கேட்பான். கொஞ்சம் நகருங்கள் என்றால் சம்பந்தி நகர்வார். இன்னொரு தரம் என்றால் மாப்பிள்ளை ஏற்கெனவே குடித்து முடித்த சர்பத்தை இன்னொரு தரம் குடிப்பான். ஷம்கீரில் ஷலாலே இந்த அதிகாரத்தைப் பல வருஷமாக அனுபவித்து வந்தாள். மேயருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஜூன் மாதம் வரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஃபிதானின் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே அவளைப் பாடாய்ப் படுத்தியது. பெண் இந்த ஊர், அஜர்பைஜான்காரி. மாப்பிள்ளை யாவுஸ் துருக்கிக்காரன், கருங்கடல் ஓரத்து டிராப்சோன். தலைநகர் பாக்கூவுக்குக் கட்டட வேலையாக வந்தவன் பெண்ணைப் பார்த்துவிட்டான். பேச்சு ஏறக்குறைய ஒன்று, தொழுகை ஒன்று, ஆனால் கல்யாணம் என்று வந்ததும் இரண்டு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மருதாணிச் சடங்கில், அதற்கென்றே முன்கூட்டி வந்திருந்த மாமியார் ஹவ்வா பெண்ணின் தலையில் சிவப்புத் துணியைப் போட்டு மூடி அழவைக்கப் பார்த்தாள். அழாத பெண்ணுக்கு அவர்கள் பக்கம் நல்ல பேர் இல்லையாம். பெண்ணின் அம்மா மெலாஹத், அழுதால் கண்மை கலையும், எழுந்து ஆடு என்றாள். உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு, தங்கக் காசு வைத்தால்தான் திறப்பேன் என்று பெண் அடம்பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. பலகாரத் தட்டுகளில் மெழுகுவர்த்தி ஏற்றித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடிவர வேண்டும் என்பது இவர்கள் முறை. இரண்டையும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் நடத்தினார்கள். ஒரு கல்யாணத்துக்குப் பேசிவிட்டு இரண்டு கல்யாணம் எடுக்கவைக்கிறார்களே என்று ஷலாலே முணுமுணுத்தபடி நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஃபிதான் யாரையும் கேட்கவில்லை. பெண் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அவள் இடுப்பில் சிவப்பு நாடா கட்ட வேண்டும், அது இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் இங்கே அதை மாப்பிள்ளையின் தம்பி கட்டுவான். ஏழு பிள்ளை பெறு, ஒரு பெண்ணும் பெறு என்று வாழ்த்திக்கொண்டே கட்டுவான். துருக்கியில் பெண்ணின் கூடப்பிறந்தவனே கட்டுவான். யாவுஸ் இதைச் சொன்ன அன்றைக்கே ஃபிதான் முடிவு செய்துவிட்டாள். அண்ணன் ரூஃபத்தான் கட்ட வேண்டும், வேறு எவன் கையும் படக்கூடாது. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் சைக்கிள் பழக்கியதும் அவன்தான்.

ரூஃபத் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்தான். இந்த வாரம் லீவு இல்லை, அடுத்த மாதம் டிராப்சோனுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். ஃபிதான் அவனோடு பேச்சை நிறுத்தினாள். நீ வராவிட்டால் நான் வாசல் தாண்ட மாட்டேன் என்று கடைசியாகச் செய்தி அனுப்பினாள். அவன் யார் யார் காலையோ பிடித்து வேலையை மாற்றிக்கொண்டு கரைக்கு வந்து, கல்யாணத்தன்று விடியற்காலை நண்பன் காரை வாங்கிக்கொண்டு பாக்கூவிலிருந்து புறப்பட்டான். புறப்படும்போது தங்கைக்கு ஒரு படம் அனுப்பினான். ஸ்டியரிங்கில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. அதை ஃபிதான் ஷலாலேயிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்தாள்.

ஷலாலே அந்தக் காட்சிக்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். நடுக்கூடத்து ஜன்னல் பக்கம் அலமாரியை ஆட்களை விட்டு நகர்த்தினாள். அண்ணன் மண்டியிடுவான், தங்கை குனிந்து அவன் தலையைப் பார்ப்பாள், வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும். இந்த ஒரு படத்துக்காகவே இத்தனை கூத்தையும் பொறுத்துக்கொண்டேன் என்று அவள் நினைத்தாள்.

மத்தியானத்துக்குள் டிராப்சோன்காரர்களின் பேருந்து வாசலில் நின்றுவிட்டது. ஹேசல்நட் மூட்டையோடு இறங்கியவர்கள், இறங்கின வேகத்தில் தோளோடு தோள் உரசி ஆட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் சுர்னாக்காரர் கன்னம் உப்ப ஊதினார். தெருவை அடைத்துப் போட்ட கூடாரத்தில் தேநீர்ச் சமோவார் கொதித்தது. சாயங்காலத்துக்குள் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா எல்லையைத் தாண்டிவிட வேண்டும், மறுநாள் டிராப்சோனில் பெரிய விருந்து என்று ஏற்பாடு. ரூஃபத்தை மட்டும் காணவில்லை. ஃபிதானின் போனுக்கும் அவன் பதில் சொல்லவில்லை.

அவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்க ஷலாலே பெண்ணின் தாய்மாமன் தெய்முரைத் தேடிப் போனாள். அந்த வீட்டுக்கு அவர்தான் ஆம்பிளைத் துணை. கொல்லைப்புறத்து முசுக்கட்டை மரத்தடியில், குழாயைத் திறந்துவிட்டுத் தலையைக் கீழே கொடுத்து நின்றுகொண்டிருந்தார். புதுக் கோட்டு முழுக்க நனைந்திருந்தது. உடம்புக்கு என்ன என்று ஷலாலே கேட்டாள். அவர் குழாயை மூடவில்லை.

"அவன் வரமாட்டான்மா," என்றார். "யெவ்லாக் தாண்டி லாரியில மோதிட்டான். போலீஸ்காரங்க போன் பண்ணாங்க."

"ஆஸ்பத்திரியில இருக்கானா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உயிர் இல்லையாம்."

ஷலாலே மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தோன்றி ஓரடி எடுத்து வைத்தாள். தெய்முர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் பிற்பாடு ஷலாலே தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. தள்ளிப்போட்டால் நாற்பது நாளோ ஒரு வருஷமோ, யாருக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்திருக்கிறது. கல்யாணத்தன்றே அண்ணனை விழுங்கினவள் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு பேருந்துக்கு முன்னால் டிராப்சோன் போய்ச் சேரும். மெலாஹத்துக்கு இதய நோய். ஒரு பிள்ளை போன செய்தி வருவதற்குள் இன்னொரு பிள்ளை வாழப்போவதையாவது கண்ணால் பார்க்கட்டும். பெண் எல்லை தாண்டட்டும், அங்கே கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"நாளைக்கு அடக்கம் பண்ணிடுவீங்களே. அவ அவன் முகத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று ஷலாலே கேட்டாள்.

"பார்க்கிற மாதிரி முகம் இல்லன்னு சொன்னாங்க." தெய்முரின் தாடை ஆடியது. "நீ படத்தை எடும்மா. வேற எதுவும் உன்னைக் கேக்கல. எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சாகிற வரைக்கும் உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

ஷலாலே முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அதில் சந்தேகம் இல்லை.

ஃபிதான் அறையில் தனியாக இருந்தாள். மடியில் வெள்ளைச் செருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கல்யாணமாகாத தோழிகள் பெயரை அதன் அடியில் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் எந்தப் பெயர் தேய்ந்து அழிகிறதோ அவளுக்கு அடுத்த கல்யாணம். இது ஹவ்வா சொல்லிக்கொடுத்தது. ஷலாலேயைப் பார்த்ததும் செருப்பைத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் ரூஃபத் பெயரும் இருந்தது.

"பொண்ணுங்க பேரைத்தான் எழுதணுமாம். நான் எங்கண்ணனையும் சேத்துட்டேன். கடல்லயே கிடந்தா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, மாமாகிட்ட பேசினானாமா அவன்?"

அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல ஷலாலேக்கு வாய் வரவில்லை. இது அம்மா சொல்ல வேண்டியது, மாமன் சொல்ல வேண்டியது, கூலிக்குப் படம் எடுக்க வந்தவள் சொல்லவா என்று மனசு ஒரு சந்து கண்டுபிடித்து அதில் நுழைந்துகொண்டது.

"வந்துக்கிட்டிருக்கானாம்," என்றாள்.

அதன்பிறகு நேரம் நகரவேயில்லை. பெண்ணைக் கிளப்பச் சொல்லிச் சுர்னாக்காரர் விடைபெறும் மெட்டை எடுத்தார், ஃபிதான் அறையைவிட்டு வரவில்லை. மறுபடி எடுத்தார், வரவில்லை. தெய்முர் கூடத்துக்கு வந்து, நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் தம்பியே நாடா கட்டட்டும், அதுதான் நமக்கு முறை என்று உரக்க அறிவித்தார். குரல் வழக்கத்தைவிடக் கணீரென்று இருந்தது.

முட்டுக்கட்டை போட்டது சம்பந்தியம்மாள். ஹவ்வா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். பிள்ளை வேலையை விட்டுவிட்டு அத்தனை தூரத்திலிருந்து தங்கச்சிக்காக வருகிறான், அவனுக்கு முன்னால் என் சின்ன மகன் கை நீட்டினால் நாளைக்கு நான் அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டாள்.

"நாங்க காத்திருக்கோம் சம்பந்தி. எல்லையில நாளைக்கு நின்னா என்ன, விருந்து ஆறிப்போனா என்ன. அண்ணன் வரட்டும்," என்றாள்.

பேருந்தில் வந்தவர்களும் ஆமாம் என்றார்கள். யாவுஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். மெலாஹத் சம்பந்தியம்மாளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். இத்தனை நல்ல இடத்தில் மகளைக் கொடுக்கிறோம் என்ற நிறைவு அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் ஷலாலே கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர்கள் கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தெய்முர் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். உதடு அசையாமல் பேசினார்.

"சாயங்காலம் உடம்பு இந்தத் தெருவுக்கு வந்துடும். பேருந்து இங்க நிக்கிறப்பவே வந்துடும். நீ சொன்னா கேப்பா. ஏதாவது சொல்லு."

ஷலாலே அறைக் கதவைத் திறந்தாள். ஃபிதான் ஜன்னலில் முகத்தை வைத்துத் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷலாலே எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிற குரலில், கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் செல்லமுமாகச் சொன்னாள்:

"ஃபிதான், வெளிச்சம் போகுது. இதுக்கு மேல நின்னா ஒரு படமும் தேறாது. நாடாவை இப்ப அவங்க தம்பி கட்டட்டும், படத்துக்கு. ரூஃபத் வழியில வந்து சேந்துக்குவான், அவன் கையால இன்னொரு தரம் கட்டிக்கலாம்."

ஃபிதான் திரும்பிப் பார்த்தாள். அம்மா கெஞ்சியும் வராதவள், மாமன் அதட்டியும் வராதவள், "சரிக்கா" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்தில், அண்ணனுக்கென்று ஒதுக்கிய இடத்தில், யாவுஸின் தம்பி கூச்சத்தோடு மண்டியிட்டான். நாடாவைச் சுற்றி அவிழ்த்தான், சுற்றி அவிழ்த்தான், பிறகு முடிச்சுப் போட்டான். ஏழு பிள்ளை, ஒரு பெண் என்று ஷம்கீர்க் கிழவிகள் எடுத்துக்கொடுக்க, அவன் டிராப்சோன் உச்சரிப்பில் திருப்பிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபிதானும் சிரித்தாள், ஆனால் கண் வாசல் பக்கமே இருந்தது. ஷலாலேயின் விரல் தன் வேலையைச் செய்தது.

பிறகு கண்ணாடி. பெண் வீட்டைவிட்டு வெளியேறும்போது அவள் முகத்துக்கு நேரே ஒருத்தி பெரிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பாள், வாழ்க்கை தெளிவாக இருக்கட்டும் என்று. ஷம்கீர்ப் படக்காரர்களுக்கு இதுதான் பரீட்சை. அசந்தால் மணப்பெண்ணோடு கண்ணாடியில் நாமும் விழுந்துவிடுவோம். ஷலாலே எப்போதும் கதவோரம் ஒருக்களித்து உட்கார்ந்து எடுப்பாள். அவள் எடுத்த எந்தக் கண்ணாடியிலும் அவள் இருந்ததில்லை. அன்றைக்கு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிப் பார்க்கும் துளை மங்கிவிட்டது. கேமராவை நெஞ்சளவுக்கு இறக்கி, கண்ணால் பார்க்காமலே அழுத்திக்கொண்டு போனாள். எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்தாள்.

காருக்குப் பின்னால் மெலாஹத் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். போன வழியில் நல்லபடியாகத் திரும்பி வா என்று அதற்கு அர்த்தம். ஊர்வலம் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியதும் தெய்முர் தன் அக்கா மெலாஹத்தைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். அந்த அலறலைக் கேட்க ஷலாலே நிற்கவில்லை. கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அந்தக் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. சிவப்புத் துணியை மட்டும் உருவிவிட்டு அதையே துக்கக் கூடாரமாக்கினார்கள். அதே நாற்காலி, அதே சமோவார். பந்திக்குச் சமைத்த புலாவைத் துக்கம் கேட்க வந்தவர்கள் தலை குனிந்து சாப்பிட்டார்கள். மறுநாள் ரூஃபத்தை அடக்கம் செய்த நேரத்தில் டிராப்சோனில் ஃபிதான் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து அவள் கழுத்துப் பட்டையில் தங்கக் காசு குத்தினார்கள். யார் என்ன குத்தினார் என்று ஒருவன் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான். அது முடிந்து அவள் உட்கார்ந்த பிறகுதான் யாவுஸுக்கு ஷம்கீரிலிருந்து போன் வந்தது.

நாற்பதாம் நாள் காரியத்துக்கு ஃபிதான் வந்திருக்கிறாள் என்று ஷலாலேக்குத் தெரியும். தன் போட்டோக் கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாமா என்று காலையிலேயே யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கறுப்பு உடையில் ஃபிதான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். யாவுஸ் காரிலேயே இருந்தான். அவள் இளைத்துப்போயிருந்தாள். கையைப் பிடித்து நலம் விசாரித்தாள், தேநீர் வேண்டாம் என்றாள். படங்களைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஷலாலே அந்தப் படங்களை அதுவரை திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, பின்னால் நின்றாள்.

ஃபிதான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பேசினாள். மாமன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம், காலில் விழுந்து அழுதாராம். தனக்கு மட்டும்தான் தெரியும், வேறு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்று சத்தியம் செய்தாராம். அம்மா அவரோடு பேசுவதில்லை. ஃபிதானும் பேசுவதில்லை.

"எல்லாரும் என்னை மாதிரிதான், தெரியாம சிரிச்சிருக்காங்க. யார் மேல கோபப்பட?" என்றாள். தெய்முர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று ஷலாலேக்குப் புரிந்தது. நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

நாடா கட்டும் படம் வந்தது. ஃபிதான் நிறுத்தாமல் தள்ளினாள். கண்ணாடிப் படம் வந்தது. கை நின்றுவிட்டது.

கண்ணாடியில் ஃபிதான் வெள்ளை உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில், கேமராவை நெஞ்சில் பிடித்தபடி, ஷலாலே இருந்தாள். வாய் கோணி, கன்னமெல்லாம் நனைந்து, சாவு வீட்டில் உட்கார்ந்தவள் முகத்தோடு இருந்தாள். அவளைச் சுற்றி ஊரே கை தட்டிக்கொண்டிருந்தது.

பெண் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும், எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான் என்ற பதில் ஷலாலேயின் நாக்கு நுனியில் வந்து நின்றது. நம்பக்கூடிய பதில்தான். ஃபிதான் நம்பியிருப்பாள். ஷலாலே அதைச் சொல்லவில்லை.

ஃபிதான் படத்தைப் பெரிதாக்கினாள். வாசற்படியில், திறந்த கதவுக்கு அப்பால், தெருவில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேளக்காரரின் நிழல் அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அந்த நிழலை ஃபிதான் விரலால் தொட்டாள்.

"வெளிச்சம் போகுதுன்னு சொன்னீங்களேக்கா," என்றாள்.

ஷலாலே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், ஃபிதான் கையை உயர்த்தி நிறுத்தினாள். வெகுநேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாவுஸ் காரைவிட்டு இறங்கிக் கடைப்பக்கம் பார்த்தான், பிறகு மறுபடி ஏறிக்கொண்டான்.

"ஆல்பம் வேண்டாம். மத்தது எல்லாத்தையும் அழிச்சிடுங்க," என்றாள் ஃபிதான் கடைசியில். "இது ஒண்ணு மட்டும் பெருசா போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக் கூடத்துல மாட்டணும்."

"இதையாம்மா?"

"அந்த வீட்டுல அன்னைக்கு எங்கண்ணனுக்காக அழுதது நீங்க ஒருத்திதான். நான் அழல. எங்கம்மா அழல." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் முகத்தைப் பார்க்க விடல. உங்க முகத்தையாவது பார்த்துக்கிட்டு இருக்கேன். போடுங்க, நான் நிக்கிறேன்."

ஷலாலே இருப்பதிலேயே பெரிய தாளை எடுத்து பிரிண்டரில் வைத்தாள். படம் மேலிருந்து வர ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியின் சட்டம் வந்தது, பிறகு பெண்ணின் முக்காடு, பிறகு ஷலாலேயின் நெற்றி.